பத்தில் ஒன்று

இன்ஸ்பெக்டர் அம்மணி அவர்களுக்கு,

எங்கள் வீட்டு முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஒவ்வொரு காயும் ஒரு ஆள் நீளம். கோயமுத்தூரில் இறங்குகிற பிளேன் எல்லாம் எங்கள் மொட்டை மாடிக்கு மேலாகத்தான் போகும் என்பதால், பைலட்டுகள் கையை நீட்டி ஆளுக்கு ரெண்டு பறித்துக்கொண்டு போவதாகப் பீளமேட்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

காலையில் நீங்கள் வந்தபோதும் இதைத்தான் முதலில் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "பெரியவரே, நீங்க பேசறதுல எது நெசம், எது கதைன்னு எனக்குப் புடிபட மாட்டேங்குது. உங்க கைப்படவே எழுதி வைங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நல்ல யோசனை. பேசும்போது என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. எழுத்தில் கொஞ்சம் அடங்கும்.

என் சம்சாரம் ரங்கநாயகி உயிரோடு இருந்தவரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பாள். அடுத்தபடியாக ஒரு எச்சரிக்கை கொடுப்பாள். "இவரு எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்கோங்க. அதுதான் நடந்தது." எனக்குக் கோபமே வராது. வகுக்கிற அளவுக்கு என்னிடம் சரக்கு இருக்கிறதே என்று பெருமையாகத்தான் இருக்கும். அவள் போனபிறகு வகுப்பதற்கு ஆளில்லாமல் போயிற்று. அதனால் இந்தத் தாளில் நானே வகுத்து எழுதுகிறேன். நீங்கள் மறுபடியும் வகுக்க வேண்டாம்.

என் பெயர் வெங்கடபதி. ஊரில் மாஸ்டர் என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். நூலைத் தொடாமலே அது எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்வேன். எங்கள் மில் சங்கு ஊதினால் பாலக்காட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும். மன்னிக்கவும், சிங்காநல்லூர் வரைக்கும் கேட்கும். இப்போது மில்லும் இல்லை, சங்கும் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது.

ஒரே மகன். அமெரிக்காவில் இருக்கிறான். வருஷம் தவறாமல் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்தான், காரியம் முடிந்த மறுநாள் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைக் காட்டுவான். "டாடி, சாப்டீங்களா" என்பான். "ஒரு யானையை வறுத்துச் சாப்பிட்டேன் கண்ணு" என்பேன். "ஓகே டாடி" என்பான். கண் வேறெங்கேயோ இருக்கும். பிளேன் ஏறினவர்கள் எல்லாம் இப்படித்தான் ஆகிறார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

மாடிப் போர்ஷனைக் குடும்பத்துக்கு மட்டும்தான் விடுவது என்று எங்கள் தெருவில் எல்லோரும் போர்டு மாட்டியிருக்கிறோம். ஒருநாள் அந்தப் போர்டைப் பார்த்து ரெண்டு பேர் வந்தார்கள். பையன் சாமுவேல். பெண் லோகப்பிரியா. ரெண்டு பேருக்கும் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ரெண்டு பேருக்கும் சொந்த ஊர் தாராபுரம் பக்கம்.

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு. கோயில் வாசலில் கட்டாக விற்கிற கயிறு. மஞ்சள் காயாமல் சுடிதாரில் கறை இறங்கியிருந்தது. முடிச்சு முன்பக்கம் போடப்பட்டுப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. தனக்குத் தானே கட்டிக்கொள்கிறவள்தான் அப்படி முடிச்சுப் போடுவாள். தெரியாத மாதிரிக் கேட்டேன்.

"கண்ணாலம் எங்கீங்க ஆச்சு?"

"மருதமலைலீங்க" என்றாள் அவள். அதே நேரத்தில் "வேளாங்கண்ணீலீங்க" என்றான் அவன்.

"ரெண்டு எடத்துலயும் ஆச்சாக்கும்" என்றேன்.

ரெண்டு பேர் முகமும் வெளுத்துப்போயிற்று. நான் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டேன். என் மனசு எவ்வளவு விசாலம் என்பதற்கு இதைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வேறு யாராக இருந்தாலும் ஊர் பேர் ஜாதி ஜாதகம் எல்லாம் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது என்பது வேறு விஷயம். அவள் வீட்டில் தென்னந்தோப்பு, காடு, அரவை மில். அவன் தாத்தா காலம் வரைக்கும் அந்த மாதிரித் தோப்புகளில் கூலி வேலை. அப்பா வேன் ஓட்டுகிறார்.

தெருவில் கேட்டவர்களிடம் அந்தக் கல்யாணத்துக்கு நானே போயிருந்ததாகச் சொன்னேன். பதினெட்டு வகைப் பாயசம், யானை ரெண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெலிகாப்டர். ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் கல்யாணம் ஆனதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். பொய் சொல்வதில் அது ஒரு பக்குவம். சாமுவேல் என்கிற பெயரையும் தெருவுக்காக நான் சாமி என்று சுருக்கிவிட்டேன். அவன் நன்மைக்குத்தான். அவனும் "சரிங்க மாஸ்டர்" என்றான்.

அவர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டீர்கள். ரெண்டு மதக்காரர்கள் பதிவுக் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் ஆபீசில் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டிவைப்பார்கள். அவள் அப்பா லட்சுமணசாமிக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாத ஆபீஸ் கிடையாது. நோட்டீஸில் பசை காய்வதற்குள் சேதி போய்விடும். அதனால் தள்ளிப்போட்டார்கள்.

அவள் லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பதாகத்தான் வீட்டில் நினைப்பு. அக்ஷிதா என்கிற சிநேகிதி ஒருத்தி அந்த ஹாஸ்டலில் இவள் பெயரில் ஒரு கட்டிலைக் காப்பாற்றி வந்தாள். அப்பா தேங்காயும் முறுக்குமாக வரப்போகிறார் என்று போன் வந்தால் இவள் ஓடுவாள். ஓடுவதற்கு முன்னால் மஞ்சள் கயிற்றைக் கழற்றி என் பூஜை ரூம் ஆணியில் மாட்டுவாள். "மாஸ்டர், பத்தரமாப் பாத்துக்குங்க" என்பாள். திரும்பி வந்து எடுத்து மாட்டிக்கொள்வாள். சட்டையைக் கழற்றி மாட்டுவதைப் போல. சாமி ரூமில் இதெல்லாம் செய்யலாமா என்று ரங்கநாயகி இருந்தால் கேட்டிருப்பாள். எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் மாடியில் இருந்த ரெண்டு வருஷமும் அவர்கள் வாழ்ந்தது ஒளிந்து பிடித்து விளையாடுகிற மாதிரி. வாடகை ஒப்பந்தத்தில் அவன் பெயர் மட்டும். கேஸ் சிலிண்டர் அவன் பெயரில். அவளுக்கு வருகிற பார்சல் எல்லாம் ஆபீசுக்குப் போகும். சேர்ந்து ஒரு போட்டோ கிடையாது. அம்மா வீடியோவில் கூப்பிட்டால் மாடிப்படியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு ஹாஸ்டல் வராந்தா என்பாள். அவள் செருப்பைக்கூட வெளியே விடமாட்டார்கள்.

ஆனால் வீட்டுக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சாயங்காலமானால் மூன்று பேருக்கும் என் அடுப்படிதான். அவன் அரிசிம்பருப்பு சாதம் செய்தால் வாசனைக்கு அவிநாசி ரோட்டில் டிராபிக் நின்றுவிடும். அவள் இடியாப்பம் மாதிரி அச்சில் சந்தகை பிழிவாள். மாவு இறுகிக்கொண்டால் அவன் மேலே ஏறி உட்காராத குறையாக அமுக்குவான். "அம்மணி, மில்லுல மிஷினு உருளையாட்டம் இருக்கறான், அவனையே போட்டுப் பிழி" என்பேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் கதைகளுக்கு அவள் கேள்வி கேட்பாள். யானைக்கு என்ன பேரு, ஹெலிகாப்டரு என்ன கலரு என்று. நான் சொன்னதற்கு மேல் கேட்கிற ஆள் எனக்கு அறுபது வயசுக்கு மேல்தான் கிடைத்தாள். என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது சாமுவேல். அந்தக் கை, பெற்ற பிள்ளையின் கைக்குக்கூட வராது.

பிறகு அவள் மேல்படிப்புக்குக் கனடாவுக்குக் கிளம்பினாள். அப்பாதான் செலவு செய்து அனுப்பினார். போகும்போது கயிற்றை என் ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஒரு சீட்டில் அவள் அப்பா நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். "எனக்கு உசுருக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மட்டும் கூப்புடுங்க மாஸ்டர். வேற எதுக்கும் வேண்டாம்" என்றாள். நான் தலையாட்டினேன்.

அடுத்தது சாமுவேல் போக வேண்டும். அந்த ஊரில் ஒரு சட்டம் இருக்கிறதாம். தாலி கட்டாவிட்டாலும், ஒரு வருஷம் ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தவர்கள் என்றால், ஒருத்தர் போன இடத்துக்கு மற்றவருக்கும் வேலை பார்க்க அனுமதி தருவார்களாம். நல்ல சட்டம். ஆனால் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பேர் சேர்ந்த ஒப்பந்தம், பேங்கு, பார்சல், போட்டோ, சொந்தக்காரர்கள் கடிதம் என்று கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். எதெல்லாம் கேட்டார்களோ, அதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் ரெண்டு வருஷமாகத் தேடித் தேடி அழித்திருந்தார்கள். உசுருக்குப் பயந்து மறைத்ததை இப்போது எடுத்துக் காட்ட வேண்டும். அலசிப் பார்த்ததில் மிஞ்சினது, ஓட்டலிலிருந்து ரெண்டு பிரியாணியாக வரவழைத்த கணக்கும், ஒரு மங்கலான போட்டோவும். அந்தப் போட்டோவிலும் பாதி இடத்தில் என் காதுதான் இருந்தது.

மிச்சமிருந்த சாட்சி நான். வீட்டுக்காரர். வக்கீல் ஒரு கடிதம் தயார் செய்தார், நான் கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்தது அத்தனையும் உண்மை. விசாரிக்க போன் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு வாரம் எனக்கு ஒத்திகை நடந்தது. சாமுவேல் போனைக் காதில் வைத்த மாதிரி நடித்துக் கேட்பான். அவள் அங்கிருந்து வீடியோவில் பார்ப்பாள்.

"ஐயா, உங்க மாடில யாருங்க குடியிருந்தாங்க?"

"சாமுவேலும் லோகப்பிரியாவும். ரெண்டு பேரும் அப்படியொரு சோடி. அவங்க ராத்திரி சண்டை போட்டா நான் கீழ ரேடியோல கேக்கற மாதிரி கேப்பேன், சமாதானமானா தெருவுக்கே மிட்டாய் குடுப்பேன், ஒரு தடவை பாருங்க..."

"மாஸ்டர்" என்று அவன் தலையில் கை வைத்துக்கொள்வான். "உங்க காலுல விழறனுங்க. உள்ளதை மட்டும் சொல்லுங்க. ஆமா, ரெண்டு வருசம், சேர்ந்து இருந்தாங்க. அவ்வளவுதானுங்க."

"ஹெலிகாப்டரச் சொல்லிப்போடாதீங்க மாஸ்டர்" என்பாள் அவள், அங்கே பனியில் மூக்கு சிவக்கச் சிரித்துக்கொண்டு.

அவர்களுடைய பயமெல்லாம் நான் கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்றுதான். கழித்துச் சொல்வேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சாமுவேல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மாதா கோயிலில் பாடுகிற பாட்டு ஒன்று தொட்டிக்குள்ளிருந்து கும்மென்று கேட்டது. பேசினது ஒரு பெண்பிள்ளை. மரியாதையான குரல். சுத்தமான தமிழ். இவர்கள் ரெண்டு பேரும் உங்கள் வீட்டில் சேர்ந்து குடியிருந்தார்களா என்று கேட்டாள்.

ஒத்திகை பார்த்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது ஒரு பிளேன் முருங்கைக்கு மேலாகக் கிளம்பிப் போயிற்று. அதன் சத்தத்தில் அவன் பாட்டுக் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. பிளேன் போனபிறகு மறுபடியும் கேட்டது. அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

"பையன் குடியிருக்கானுங்க" என்றேன். "அந்தப் பொண்ணு எப்பவாச்சும் வரும், போகும்."

"கடிதத்துல ரெண்டு வருஷம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே ஐயா?"

"புள்ளைங்க கேட்டாங்க. வயசானவன், என்னன்னு படிச்சா போடறேன்."

ரங்கநாயகி சொன்ன கணக்குத்தான். நடந்ததை நானே பத்தால் வகுத்துச் சொன்னேன். பொய் என்று பார்த்தால் அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் எப்போதாவது வரத்தான் செய்தாள், போகத்தான் செய்தாள். ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே. போனை வைத்துவிட்டு, தொட்டி கழுவினவனுக்கு மோர் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். உப்பு சரியாக இருந்ததாகச் சொன்னான்.

அனுமதி கிடைக்கவில்லை. சேர்ந்து வாழ்ந்ததற்குப் போதுமான ஆதாரமில்லை என்று பதில். சாமுவேல் என் மடியில் தலையை வைத்து அழுதான். பிரியாணிக் கணக்கை அனுப்பியிருக்கக் கூடாது, அதைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள் என்றான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். தனியாக மாடியில் எதற்கு என்று படுக்கையைக் கீழே கொண்டுவரச் செய்ததும் நான்தான்.

அந்த மூன்று நான்கு மாதங்களைப் பற்றி வகுக்காமல் எழுத அனுமதிக்க வேண்டும். உலகத்தில் எந்த மகாராஜாவும் அப்படி வாழ்ந்திருக்க மாட்டான். காலையில் அவன் காபி. சாயங்காலம் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஹோப் காலேஜ் வரைக்கும் ஒரு சவாரி. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தால், "அப்புறம் பேசறேன் கண்ணு, இங்க வேலையா இருக்கறோம்" என்று நான் வைத்தேன். இருக்கறோம் என்று சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது. அவன் சில நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் மனைவி போனபோது அப்படித்தான் இருந்தது. சரியாகிவிட்டது.

லோகப்பிரியா கெட்டிக்காரி. அவளே வருவது என்று முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குச் சொல்லாமல் வந்து, சென்னையில் சிநேகிதி வீட்டில் தங்கி, யாருக்கும் தெரியாத அந்த ஊர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்து, பதிவுக் கல்யாணம் முடித்து, சட்டப்படி புருஷனாகவே அவனைக் கூட்டிப்போவது. முதலிலேயே செய்திருக்க வேண்டியதுதான். அப்போது ரெண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. இந்தத் திட்டம் அவர்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவள் நேரே சென்னையில் இறங்கியிருக்கலாம். டிக்கெட்டைக் கோயமுத்தூருக்கு எடுத்தாள். ஏனென்று நான் கேட்டேன்.

"உங்களைக் கையோட கூட்டிட்டுப் போகத்தானுங்க மாஸ்டர். சாட்சிக் கையெழுத்து நீங்க போடாம யாரு போடுவாங்க? ஆணில இருக்கற கயித்தையும் எடுத்துட்டு வாங்க. இந்த வாட்டி அவனே கட்டட்டும்."

சாமுவேலை நான்தான் ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம் என்றேன். "அவங்க ஊர்க்காரங்க யாராச்சும் உன்னையப் பாத்துப்போட்டா வம்பு. நான் கெழவன். யாரு கண்டுக்கப்போறாங்க? நீ ஊட்டுல சமைச்சு வெய்யி" என்றேன். நியாயமாக இருந்தது. ஒப்புக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் தாராபுரத்துக்கு போன் செய்தேன். என் போனிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு அழைப்புப் போயிருக்கிறது என்று காலையில் நீங்கள் சொன்னபோது நான் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். லட்சுமணசாமி மிகவும் மரியாதையான மனிதர். மூச்சுக்கு மூச்சு ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

"பொண்ணைப் பெத்தவராட்டம் ஒருத்தன்னு வெச்சுக்குங்க" என்றேன். எந்தத் தேதி, எந்த பிளேன், எத்தனை மணி, எதற்காக வருகிறாள் எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் கூட்டாமலும் கழிக்காமலும் ஒரு சேதியைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பக்கம் எங்கேயோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பையன் நம்ம ஆளுங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். கேட்டதற்குப் பதில்தான்.

"ரொம்ப நன்றிங்க. நல்ல நேரத்துல சொன்னீங்க. நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார்.

அப்பா வருவார், நாலு திட்டுத் திட்டுவார், வீட்டில் வைத்துப் பூட்டுவார், அவர்கள் ஆட்களில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கழுத்து நிறைய நகை போட்டுக் கட்டிக்கொடுப்பார். கொஞ்ச நாள் அழுவாள், ஒரு குழந்தை பிறந்தால் மறந்துவிடுவாள். இவன் என்னோடு இருப்பான். நான் நினைத்தது இவ்வளவுதான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அன்றைக்கு நானும் ஏர்போர்ட்டுக்குப் போனேன். போகாவிட்டால் சாமுவேல் சந்தேகப்படுவான். கயிற்றையும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவளே எடுத்துவரச் சொன்னது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கொஞ்சம் தள்ளி லட்சுமணசாமியும் இன்னும் மூன்று பேரும் வெள்ளை வேட்டியில் நின்றார்கள். பேத்தியை வரவேற்க வந்தவர்களைப் போலச் சாந்தமாக இருந்தார்கள்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. "வா கண்ணு" என்று வண்டியை அவரே வாங்கிக்கொண்டார். அப்புறம் அவள் கண் கூட்டத்தில் தேடிற்று. என்னைக் கண்டுபிடித்தாள்.

நான் தயாராக வைத்திருந்த முகம் ஒன்று இருந்தது. அதற்குத் தேவையே வரவில்லை. அவள் என்னை ஒரே ஒரு கணம் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவரைப் பார்த்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். செய்யவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று மறைத்தாள். ரெண்டு வருஷமாக எல்லாவற்றையும் மறைத்துப் பழகினவள் இல்லையா. காரில் ஏறும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பில் ஒன்று கழன்று ரோட்டில் விழுந்தது. ஒருத்தர் குனிந்து எடுத்து உள்ளே போட்டார்.

வீட்டுக்கு வந்து, அவள் அந்த பிளேனில் வரவில்லை என்று சாமுவேலிடம் சொன்னேன். ஐந்து வகைக் கறி செய்து வைத்திருந்தான். அவன் அவள் போனுக்குக் கூப்பிட்டுக் கொண்டேயிருந்தான். நான் தட்டை வைத்துப் பரிமாறினேன். எனக்கு நல்ல பசி.

அந்த வாரக் கடைசியில் அக்ஷிதா வந்து சொன்னாள். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப்போய் வழுக்கி விழுந்துவிட்டாளாம். குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிற வீட்டில் கனடாவிலிருந்து வந்த பெண் எதற்குக் கிணற்றுக்குப் போனாள் என்று அக்ஷிதா கத்தினாள். அதையே நீங்களும் காலையில் கேட்டீர்கள். யாருக்கும் சொல்லாமல் அன்றைக்கே எரித்தும்விட்டார்கள். சாமுவேல் அழவில்லை. நேரே பூஜை ரூமுக்குப் போனான். ஆணியில் கயிறு இருந்தது. நான் திருப்பி மாட்டியிருந்தேன். அதை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான். இன்றுவரை கழற்றவில்லை. ஏர்போர்ட்டுக் கூட்டத்தில் அவள் என் கண்ணில்தான் படாமல் போய்விட்டாள் என்றேன், நம்பினான். ஏர்போர்ட்டில் யாரோ ஊர்க்காரன் பார்த்துச் சேதி கொடுத்திருக்கிறான், தான் போயிருந்தால் தன்னைக் கொன்றிருப்பார்கள், அவள் பிழைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். மாஸ்டர் தன்னைத் தடுத்துக் காப்பாற்றிவிட்டார் என்றும் சொல்கிறான்.

நீங்கள் கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவங்க என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா பெரியவரே?" நான் முருங்கைக்காய் தரட்டுமா என்று கேட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

கூட்டாமலும் கழிக்காமலும் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. ஒன்றைக் கழித்தேன். போனை வைப்பதற்கு முன்னால் லட்சுமணசாமி, "பையன் பேரென்னங்க, எங்க இருக்கறான்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் தெரியாது என்றேன். சொல்லியிருந்தால் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே, லோகப்பிரியாவின் சாவுக்கு நான் காரணம் என்பதை முழு நினைவோடு ஒப்புக்கொள்கிறேன். இதை வகுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சாயங்காலம் வரும்போது காலிங் பெல்லை அடிக்காமல் கதவை மெதுவாகத் தட்டவும். சாமுவேல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் உள் ரூமில் தூங்குகிறான். நேற்று அவன் அப்பாவும் அம்மாவும் வேனை எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஊருக்குக் கூட்டிப்போகிறோம் என்று. எழுப்ப வேண்டாம் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டேன். அந்த அம்மா கேட்டிலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தது. முந்தாநாளும் வந்தார்கள். அவனிடம் நான் சொல்லவில்லை. மனசு கலைந்துவிடும். இன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார் வைத்திருக்கிறேன், எழுந்ததும் ரெண்டு வாயாவது ஊட்டிவிட வேண்டும். என்னை எங்கே கூட்டிப்போவதாக இருந்தாலும் அவனுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுக் கூட்டிப்போகவும். பாவம், இந்த உலகத்தில் என்னை விட்டால் அந்தப் பையனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வெங்கடபதி